கொடிக்கம்பத்தில் தொங்கிய பை

ஜனவரி 9

அன்புள்ள யெல்மர் அண்ணா,

முதலில் சத்தியம் செய். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டக் கூடாது. உன் அறைத் தோழனுக்கு வேண்டாம், அப்பாவுக்கு வேண்டாம், அம்மாவுக்கு நிச்சயமாக வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். காட்டமாட்டாய் என்றால் மட்டும் அடுத்த வரியைப் படி.

தீவில் காற்று எப்படி? கப்பல் கயிறு இழுத்து வந்த தோள் வலி குறைந்ததா? நான் நலம். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. அந்த வகையில் நலம்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். என் புதுப் போனை அம்மாவின் பாதுகாவலர் டிரீஸ் வாரம் ஒருமுறை வாங்கிப் பார்க்கிறார். அதனால்தான் எல்லோரும் படுத்த பிறகு போர்வைக்குள் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பள்ளியில் என் ஆரஞ்சுப் பையைத் திறந்தேன். பக்கவாட்டு அறையில் ஒரு உறை இருந்தது. சாவுச் செய்தி அனுப்புவார்களே, சாம்பல் நிறக் கரை போட்டது, அதே உறை. பெரிய தாத்தா யாரோ போய்விட்டார் என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே அச்சடித்த அட்டை. "எங்கள் அன்புத் தாயார் அல்மா ஹூகெமா." அம்மா பிறந்த தேதி. அதன் பக்கத்தில் ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு வெற்றிடம். கீழே, துயருறும் பிள்ளைகள்: யெல்மர், டெஸ்ஸல்.

நம் பெயர்களைக்கூட அச்சடித்திருக்கிறார்கள், அண்ணா.

யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். போதைப்பொருள் பதுக்கிய துறைமுகத்துப் பழக் கிடங்கை அம்மா பூட்டி சீல் வைத்த வாரம், முதல் மிரட்டல் வந்ததும், சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னது நினைவிருக்கிறதா? "என்னை என்ன வேணா சொல்லட்டும். என் புள்ளைங்க கிட்ட ஒருத்தன் வந்தான்னா, அன்னிக்கே இந்த மேயர் சங்கிலியக் கழட்டி வெச்சிடுவேன்." அம்மா சொன்னால் செய்வாள்.

இந்த அட்டையைக் காட்டினால் அன்றைக்கே அவள் மேயர் இல்லை. காட்டாவிட்டால் என்ன ஆகுமோ. நான் என்ன செய்யட்டும்?

பதிலைப் பள்ளி முகவரிக்கு அனுப்பு. வாசலில் தாமதச் சீட்டு எழுதும் ஹார்மன் ஐயா என்னிடம் கொடுத்துவிடுவார். காதலனுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் தங்கை
டெஸ்ஸல்


ஜனவரி 21

டெஸ்ஸல் குட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. தோள் பரவாயில்லை. காற்று வழக்கம்போல மனிதனைத் தள்ளிக்கொண்டு போகிறது. நேற்று ஒரு பயணியின் தொப்பி கடலில் விழுந்தது. அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள்.

பயப்படாதே. அம்மா பிறந்த தேதியையே ஒரு நாள் தவறாகப் போட்டிருக்கிற முட்டாள்கள் அவர்கள். முட்டாள்கள் அட்டை அச்சடிப்பதோடு நின்றுவிடுவார்கள். அதைக் கிழிக்காதே, பத்திரமாக வை. இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே. பையைக் கண் பார்வையிலேயே வைத்துக்கொள். நான் கட்டிக் கொடுத்த கயிற்று முடிச்சு அதில் இன்னும் தொங்குகிறதா? கழற்றாதே.

இறுதித் தேர்வுக்குப் படி. கணக்கில் என்னைப் போல் ஆகிவிடாதே.

அன்புடன்
யெல்மர்


ஜனவரி 30

அன்புள்ள அண்ணா,

நலம், உன் நலம் அறிய ஆவல். அப்பாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. சைக்கிள் ஓட்ட டிரீஸ் விடுவதில்லை, அதனால்தான் என்கிறார்.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். நாலாவது முறைதான் கவனித்தேன். அட்டையில் தேதி தவறு என்று நான் உனக்கு எழுதவே இல்லை. மார்ச் 9 இருக்க வேண்டிய இடத்தில் 8 என்று இருப்பதை நானே உன் கடிதம் வந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். உனக்கு எப்படித் தெரிந்தது?

பதில் சொல்லு. அதற்குள் இன்னொன்று சொல்கிறேன்.

சனிக்கிழமை அம்மா என்னையும் கூட்டிப் போனாள். திருமணமாகி அறுபது வருடமான தம்பதியை மேயர் நேரில் போய் வாழ்த்துவாளே, அதற்கு. நாலாவது மாடி. ஆரி என்ற கிழவர், நெல்லி என்ற கிழவி. அம்மா சங்கிலி போட்டுக்கொண்டு, கையில் பூங்கொத்தோடு உட்கார்ந்தாள். பின்னால் டிரீஸ், காதில் கம்பியோடு, தட்டில் கேக்கோடு.

"மேயரம்மா, பூவெல்லாம் சரி," என்றார் கிழவர். "எங்க தெரு முனைல டிராம் திரும்புறப்ப பன்னி கத்துற மாதிரி கத்துது. அறுபது வருஷமா இவ கத்துறதக் கேக்குறேன். அதையும் கேக்கணுமா?"

"அடப்பாவி மனுஷா! மேயர் முன்னாடியா மானத்த வாங்குற?"

"டிராமுக்கு எண்ணெய் போடச் சொல்லிடுறேன்," என்றாள் அம்மா. "வீட்டுக்குள்ள இருக்கிறதுல தலையிட மாநகராட்சிக்கு அதிகாரம் இல்ல."

கிழவர் இருமும் வரை சிரித்தார். நாங்கள் கிளம்பும்போது நெல்லி அம்மாவின் கையை விடவில்லை. "கிரேன் ஓட்டுறான் என் மவன். அந்தப் பெட்டிய இங்க வை, இதப் பாக்காதன்னு மாசம் ஒருக்கா வந்து மெரட்டிட்டுப் போவானுங்க. நீங்க அந்தக் கிடங்க மூடுனதுலேருந்து ஒருத்தனும் வரல. இப்பத்தான் அவன் ஒழுங்கா சாப்புடுறான்."

அம்மா காரில் ஏறியதும் சங்கிலியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாகத் தடவினாள். அப்போது அட்டை என் பைக்குள்தான் இருந்தது, என் கால்களுக்கு நடுவில்.

எப்படிக் காட்டுவேன்?

டெஸ்ஸல்


மார்ச் 11

டெஸ்ஸலுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. புயல், பிறகு கப்பலில் பழுது, பிறகு சளி. இப்போது நலம். அறை மாற்றிவிட்டேன். பழைய அறையில் குளிர் அதிகம். அறைத் தோழன் இல்லை. தனியாக இருப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது.

அம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து போனில் சொன்னேன். குரல் களைத்திருந்தது. வெங்காயமும் கேரட்டும் போட்டு மசித்த உருளைக்கிழங்கு செய்தேன், அடி பிடித்துவிட்டது. தேர்வுக்குப் படிக்கிறாயா?

யெல்மர்


மார்ச் 20

அண்ணா,

நலமா என்று கேட்கமாட்டேன். ஆறு வாரம் கழித்து எழுதிய கடிதத்தில் உருளைக்கிழங்கு இருக்கிறது, நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

நாங்கள் வீடு மாறிவிட்டோம். முகவரி எழுதக் கூடாது. ஊரைவிட்டு வெளியேயும் போக முடியாது, மேயர் தன் ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்பது சட்டம் இல்லையா? அதனால் இதே நகரத்தில் வேறொரு ஒல்லி வீடு. கதவில் பெயர் இல்லை. பிள்ளைகள் இல்லாத தம்பதி குடிவந்திருப்பதாக அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். நான் பின்வாசல் வழியாகத்தான் வந்து போகிறேன். திரைச்சீலை எப்போதும் மூடியே இருக்கிறது. யாரும் திரை மூடாத இந்த ஊரில் அம்மாவுக்கு அதுதான் பெரிய அவமானம். "தெருவுல போறவங்களுக்குத் தெரியாம மறைக்கிற மாதிரி நான் என்ன பண்ணிட்டேன்?" என்று இரண்டு முறை திறந்தாள். இரண்டு முறையும் டிரீஸ் மூடினார்.

கழிப்பறைச் சுவரில் மாட்டும் பிறந்தநாள் காலண்டரை அப்பா ஆணியும் சுத்தியலுமாகக் கொண்டுபோனார். குடும்பத்தில் எல்லோர் பெயரும் தேதியும் அதில் இருக்கிறது, மாட்டக் கூடாது என்றார் டிரீஸ். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். "முப்பது வருஷமா மாட்டுறேன். கை தானா போயிடுச்சு."

அம்மா பிறந்தநாளுக்கு விருந்தாளி யாரும் இல்லை. டிரீஸ்தான் வழக்கப்படி வீட்டில் எல்லோருக்கும் வரிசையாகக் கை குலுக்கினார். "மனைவிக்குப் பொறந்தநாள், வாழ்த்துகள். அம்மாவுக்குப் பொறந்தநாள், வாழ்த்துகள், மேடம்." என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். பிறகு உப்பு மிட்டாய் ஒன்று கொடுத்தார். அவர் வாயில் எப்போதும் அது ஒன்று கிடக்கும்.

கேக் வெட்டும்போது அம்மா சொன்னாள்: "ஜூன் பதினாலாம் தேதி நகர மன்றத்துல சொல்லணும். இன்னொரு ஆறு வருஷம் இருக்கேனா, இல்லையான்னு." எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "டெஸ்ஸல், உனக்கு ஏதாச்சும் வந்துச்சா? ஸ்கூல்ல, வழியில, யாராவது எதாவது?"

"எதுவும் இல்லம்மா. யாரு என்னைப் பாக்கப் போறாங்க?"

சிரித்துக்கொண்டே சொன்னேன். எனக்கு இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வருமென்று தெரியாது.

சின்ன ஊரில் அவள் மேயராக இருந்தது நினைவிருக்கிறதா? சந்தைக்குப் போனால் நாய்களின் பெயர்கூட அவளுக்குத் தெரியும். அதற்கு முன்பு இந்த நகரத்தில் குப்பை வண்டிகளுக்குப் பொறுப்பாக இருந்தபோது, விடியற்காலை வண்டியில் தொற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்வந்து, வாசனையோடு நம்மைப் பள்ளிக்கு எழுப்புவாள். இந்த நாற்காலிக்கு அவள் இருபது வருடம் நடந்து வந்திருக்கிறாள். ஒரு அட்டையால் நான் அதை முடித்துவைக்கலாம். சில நாள் முடித்துவைக்கத்தான் ஆசையாக இருக்கிறது, அண்ணா. ஒரே ஒரு நாள் சைக்கிளில் தனியாகப் போக வேண்டும். அதற்காகவே காட்டிவிடுவேனோ என்றுதான் எனக்கு அதிகம் பயம்.

தேதி தவறு என்று உனக்கு எப்படித் தெரியும்?

டெஸ்ஸல்


ஏப்ரல் 2

டெஸ்ஸல்,

எனக்கும் வந்தது.

நவம்பர் மாதம். கப்பலில் என் சட்டை மாட்டும் அலமாரிக்குள் கிடந்தது. அதே கரை, அதே தவறான தேதி. உன்னுடையதற்கு இரண்டு மாதம் முன்பே. நானும் சாப்பாட்டு மேசையில் அம்மா சொன்னதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். அவளை அந்த நாற்காலியிலிருந்து மூட்டை கட்டி அனுப்பியவன் நான் என்று ஆகிவிடக் கூடாதே என்று நினைத்தேன்.

நவம்பரிலேயே நான் சொல்லியிருந்தால் உன் பையைத் தினமும் சோதித்திருப்பார்கள். உன் கைக்கு அது வந்திருக்காது. உன் முதல் கடிதத்தைப் படித்ததிலிருந்து இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. அறை மாறியது குளிருக்காக இல்லை.

தேர்வு முடியட்டும். முடிவு வரும் அன்று நான் வருகிறேன். இரண்டு அட்டையையும் மேசையில் வைத்து, இருவரும் சேர்ந்து சொல்லுவோம். பதினாலாம் தேதிக்கு முன்பு. அதுவரை பொறு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மே 6

அன்புள்ள அண்ணா,

நலம்.  

உன்மேல் கோபம் வந்தது. ஒரு வாரம் இருந்தது. பிறகு போய்விட்டது, ஏனென்றால் நீ செய்ததைத்தானே நானும் செய்கிறேன். நாம் இருவரும் அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரிய வேண்டியதை அவளிடமிருந்து ஒளித்துவைத்திருக்கிறோம்.

அட்டையைப் பையின் அடியில், துணிக்கும் கெட்டி அட்டைக்கும் நடுவில் சொருகித் தைத்துவிட்டேன். வீட்டில் வைத்தால் டிரீஸ் கண்ணில் படும். இந்தப் பையைத் தோளிலிருந்து இறக்குவதே இல்லை.

நாளை மறுநாள் முதல் தேர்வு. நீ வருவாய் என்று நினைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

டெஸ்ஸல்


ஜூன் 5

டெஸ்ஸல் குட்டிக்கு,

தேர்வு நன்றாக எழுதியிருப்பாய். நான் சுமாராக இருக்கிறேன்.

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தீவிலிருந்து தினம் இரண்டு முறை கப்பலோடு உங்கள் பக்கத்துக் கரைக்கு வருகிறேன். கயிற்றைக் கட்டுகிறேன், பாலத்தை இறக்குகிறேன், எல்லோரும் இறங்கிப் போகிறார்கள். நான் மட்டும் கப்பலிலேயே நின்றுகொண்டு திரும்பிவிடுகிறேன். நவம்பரிலிருந்து ஒருமுறைகூட அந்தக் கரையில் கால் வைக்கவில்லை. மேல்மாலுமி கேலி செய்கிறார்: "என்னடா, கரையில கடன்காரன் காத்துட்டிருக்கானா?"

முடிவு வரும் அன்று வர முயல்கிறேன். வராவிட்டால் என்னைக் கோழை என்று சொல்லிக்கொள். ஆனால் எனக்காகக் காத்திராதே.

யெல்மர்


ஜூன் 13

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு.

நான் பாஸ். நேற்று மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது. கணக்கில் பத்துக்கு ஏழு! அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார், முழங்காலை மறந்துபோய். நான் குளிக்கப் போனேன். அவ்வளவுதான், ஒரு முக்கால் மணி நேரம்.

தலையைத் துவட்டிக்கொண்டு கீழே வந்தால் தெருவில் யாரோ கை தட்டும் சத்தம். "வாழ்த்துகள்! யாரு பாஸு? உங்க வீட்ல புள்ள இருக்கான்னே தெரியாதே!" எதிர்வீட்டு அம்மாள். வாசலில் அப்பா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். முன்சுவரில் கம்பம். கம்பத்தில் கொடி. கம்பத்தின் நுனியில், ஊரில் பாஸான எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் தொங்குவது போல, என் பை. ஆரஞ்சுப் பை. பத்திரிகையில் அம்மாவோடு வந்த படத்தில் என் தோளில் இருக்குமே, உன் கயிற்று முடிச்சோடு, அதே பை.

புத்தகங்களை மட்டும் கொட்டிவிட்டு மாட்டியிருந்தார். அடியில் இருந்தது அவருக்குத் தெரியாது. அம்மாவின் சாவு அட்டை தெருவுக்கு மேலே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, அண்ணா. தெரு மொத்தமும் அதைப் பார்த்துக் கை தட்டியது.

பின்பக்கக் காரிலிருந்து டிரீஸ் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"யாரு மாட்டுனது?"

"நான்தான்," என்றார் அப்பா. இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "பொண்ணு பாஸாயிட்டா. கொடியில பைய மாட்டணும்ல?" சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறியது. "ஐயோ. டிரீஸ். ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்."

"உள்ள போங்க சார். மேடம், நீயும் உள்ள."

கொடியை இறக்கிப் பையைக் கொண்டுவந்தார். என்னிடம் நீட்டியவர், கொடுக்காமல் ஒரு நிமிடம் கையில் எடை பார்த்தார். "வெறும் பைன்னாங்க. அடியில ஏதோ தடிப்பா இருக்கே?"

"அடி அட்டை."

மிட்டாயை வாயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினார். கொடுத்துவிட்டார்.

எதிர்வீட்டு அம்மாள் அதற்குள் படம் எடுத்துத் தெருக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான். மாலைக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. நாளை காலை மறுபடி வீடு மாறுகிறோம். இன்று மாலை அப்பா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அம்மா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள், வேலை உடையோடு.

"வெளிய வாங்க. ஒரு பைதானே?"

"என்னால உன் வேலையே போயிடும்."

"எதுக்குப் போகுது? புள்ளைங்க கிட்ட யாரும் வரலியே. ஒரு பை தொங்குச்சு, எடுத்துட்டோம். நாளைக்கு மன்றத்துல 'இருக்கேன்'னு சொல்லப் போறேன். ஆறு வருஷம். டிராமுக்கு எண்ணெய் போடுறேன்னு வேற வாக்குக் குடுத்துட்டேன்."

உள்ளேயிருந்து அப்பா சிரிப்பதும் அழுவதும் ஒன்றாகக் கேட்டது.

நான் மாடிப்படியில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளிடம் யாரும் வரவில்லை என்று நம்பித்தான் அம்மா சரி என்று சொல்லப் போகிறாள். அவளுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நான். நீயும் நானும். நாளை அவள் சங்கிலி போட்டுக்கொண்டு எல்லோர் முன்னாலும் நின்று சொல்லும் வார்த்தைக்குக் கீழே நம் பொய் இருக்கும். அவள் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். அதை அவள்தான் சொல்ல வேண்டும், தெரிந்துகொண்டு.

நேற்று இருட்டும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. கோபம் இல்லை. நீயும் கரைக்கு வா, அண்ணா. ஒரு நாள் இறங்கிப் பார்.

இப்போதுதான் பையின் அடித் துணியைக் கத்தரியால் வெட்டினேன். அட்டை இங்கே மேசைமேல் இருக்கிறது. போர்வைக்குள் இல்லை, பெரிய விளக்கைப் போட்டுக்கொண்டே எழுதுகிறேன். 

படியில் காலடிச் சத்தம். டிரீஸ் என்றால் மூன்று முறை வேகமாகத் தட்டுவார். அம்மா இரண்டு முறை தட்டிவிட்டு, உள்ளே வா என்று சொல்லும் வரை வெளியிலேயே நிற்பாள். பெரிய மேயரானாலும் என் கதவை அவளாகத் திறந்ததில்லை.

இரண்டு முறை.

"டெஸ்ஸல்? தூங்கலியா? வெளக்கு எரியுதே."

எதையும் ஒளிக்கவில்லை, அண்ணா. அட்டை விளக்குக்குக் கீழேதான் இருக்கிறது. வாம்மா என்று சொல்ல வாயைத் திறக்கிறேன்.